அப்பாவின் போனிலிருந்து எடுத்த சாவி

நெல்லித்தோப்பு,
புதுச்சேரி.

அன்பு மகள் தாமரைச்செல்விக்கு அம்மா எழுதுவது. எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் கனடாக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும். போனிலேயே சொல்லலாமே என்று நினைப்பாய், இந்த இரண்டு அறை வீட்டில் அப்பா காதில் விழாமல் எதைப் பேசுவது, அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா போனில் நீ போட்டுக்கொடுத்த கார்ச் சாவியை, போனை வைத்தாலே கதவு திறக்குமே அதை, நான் கேட்டபடி அங்கிருந்தே எடுத்துவிட்டாய் அல்லவா, மறுநாள் காலை நடந்ததை உன்னிடம் சொல்லவில்லை. மீன் வாங்கிவருகிறேன் என்று தெருவில் இறங்கியவர் போனைக் கார்க் கதவில் வைத்தார், திறக்கவில்லை. சட்டையில் துடைத்துத் துடைத்து வைத்தார், அணைத்துப் போட்டுப் பார்த்தார், எதிர்வீட்டு மேனகா கோலத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தாள். அரைமணி நேரம் கழித்து உள்ளே வந்து, எப்டி தொறக்கறதுன்னே மறந்துட்டேன் போலருக்கு சுலோ என்றார். மில் மூடிய பிறகு இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட வேன் ஓட்டிய மனுஷர்.

நாம் செய்தது தப்பென்று சொல்லவில்லை. பக்கத்திலிருக்கிற தேங்காய்த்திட்டுக்குக் கிளம்பியவர் அன்றைக்கு ஊரையே தாண்டிக் கனகசெட்டிக்குளத்தில் போய் நின்றாரே, பெரியவரு ஒருத்தரு வண்டிய நடுரோட்ல நிறுத்திட்டு வூட்டுக்கு வழி கேக்கறாரும்மா என்று பக்கிரி என்கிற மீன்காரர் அப்பா போனிலிருந்தே கூப்பிட்டுச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. லாரி வருகிற சாலை அது. அதற்குப் பயந்துதான் உன்னைக் கேட்டேன், வண்டியோடு வந்த, கதவு திறக்கிற கார்டையும் உன் சித்தப்பா அன்பழகனிடம் கொடுத்துவிட்டேன்.

ஆனால் அவர் விடவில்லை செல்வி. கடையில் காட்டினார், போன் நல்லாத்தான் இருக்கு என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதிலிருந்து தனக்குத்தான் புத்தி போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டார். நாலாம் நாள் பார்த்தால், காலண்டர் தாளின் பின்பக்கம் கார் திறக்கும் முறையை வரிவரியாக எழுதிவைத்துக்கொண்டு பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார். அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை, உண்மையைச் சொல்லிவிட்டேன். அப்ப நான் மறக்கலியா என்றுதான் முதலில் கேட்டார், முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கொஞ்ச நேரம் கழித்து, செல்வியுமா சேர்ந்து செஞ்சா என்றார். கேட்டிருந்தா நானே குடுத்திருப்பனே என்றார். போனை அணைத்து பீரோவுக்குள் வைத்தவர் இன்னும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது அவர் எடுக்காதது அதனால்தான், தூங்குகிறார் என்று நான் சொன்னது பொய்.

அவரே கேட்டாலும் சாவியைத் திருப்பிப் போட்டுவிடாதே. என் போனில் கூப்பிடு, அவரிடம் கொடுக்கிறேன். சிக்னல் கோளாறு, அது இது என்று சமாளிக்காதே, அம்மா சொல்லித்தான் செய்தேன் என்று நேராகவே சொல்லிவிடு. என்மேல் கோபப்பட்டால் பரவாயில்லை, பக்கத்தில்தானே இருக்கிறேன். டாக்டர் சொன்னதைப் பார்த்தால் ஞாபகம் நாளுக்கு நாள் குறையத்தான் செய்யுமாம். உன்மேல் இருக்கிற வருத்தம் ஆறுவதற்குள் உன்னையே மறந்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது, தள்ளிப்போடாதே.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ. கடிதம் கிடைத்த அன்றைக்கே கூப்பிடு.

உன் அம்மா,
க. சுலோசனா