செவ்வாய்க்கிழமைக் கண்ணாடிகள்

8.2.1944, செவ்வாய்

இன்று பெண்கள் நாள். வாவ்ரா துரை காலையிலேயே தொப்பியை மாட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விட்டார். செவ்வாய்க்கிழமைகளில் ஸ்ரூடியோவுக்குள் ஆண் வாடையே கூடாது என்பது நானும் அவரும் சேர்ந்து போட்ட சட்டம். வெள்ளைக்காரன் ஒருவன் முன்னால் முகத்தைக் காட்டிக்கொண்டு இருக்க எங்கள் பெண்களுக்கு என்ன விசரா? அதனால் நான்தான் படம் எடுப்பேன், நானே இருட்டறையில் கழுவுவேன், நானே கடதாசியில் ஏற்றுவேன். தகடுகளை அலுமாரியில் வைத்துப் பூட்டுவேன், அதன் திறப்பு என்னிடம் மட்டும்தான். அடுத்த செவ்வாய் அவர்கள் வந்து படத்தை வாங்குவார்கள். வாங்கிய கையோடு கண்ணாடித் தகட்டைப் பின்வாசல் படிக்கல்லில் வைத்துத் தாங்களே உடைப்பார்கள். தகடு போனால் அந்த முகத்தை இன்னொரு முறை அச்சடிக்க ஒருவராலும் ஏலாது. அந்த உறுதியை நம்பித்தான் துறை தாண்டிக் கிண்ணியாவிலிருந்துகூட வருகிறார்கள்.

அவர்கள் உடைக்கும்போது நான் மற்றப் பக்கம் திரும்பிக்கொள்வேன். ஒருத்தி தன் முகத்தை உடைப்பதை வாய் பார்த்துக்கொண்டு நிற்பது மரியாதை இல்லை என்று எனக்கு ஒரு எண்ணம்.

இன்று வந்தவர்களில் கிண்ணியா றுக்கியாவை மறக்க மாட்டேன். கலியாணமாகி இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. புருஷன் முஹம்மது தம்பி பாய்க்கப்பலில் தண்டயல். கப்பலை நடத்துகிறவரே அவர்தான். சரக்கோடு கொழும்பு, கொச்சி என்று மாதக்கணக்கில் போகிறவர். தன் பெட்டிக்குள் வைத்துக்கொள்ள மனைவியின் படம் ஒன்று வேண்டுமாம். மனிதர் வெளியே வேப்பமரத்தடியில் ஸ்ரூடியோவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவ்வளவு நேரமும் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

அவளோ கதிரையில் மரக்கட்டை மாதிரி இருந்தாள். பின்னால் துரை தன் ஊரிலிருந்து சுருட்டிக் கொண்டுவந்த பனிமலைத் திரை. நான், "றுக்கியா, பின்னால பனி கொட்டுது, குளிரேல்லையோ?" என்றேன். "எங்க அக்கா? வேர்த்துக் கொட்டுது!" என்று வாய்விட்டுச் சிரித்தாள். முக்காடு கொஞ்சம் வழுகியது. நான் விடவில்லை, அழுத்தினேன்.

என் கை இதுவரை எடுத்ததில் இதுதான் படம். பெருமை அடிக்கிறேன், அடித்தால் என்ன, இது என் கொப்பிதானே.

15.2.1944, செவ்வாய்

றுக்கியா படத்தைக் கண்டதும் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு விரல்களுக்கிடையால் பார்த்தாள். அலுமாரியைத் திறந்து உறையோடு தகட்டை எடுத்துக் கொடுத்தேன். வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "இது நானா? தலை வெள்ளை, முகம் கறுப்பு. பேய் மாதிரியெல்லோ இருக்கு!" என்றாள்.

தகட்டில் எல்லாம் மாறித்தான் தெரியும். பழகாதவர்களுக்குத் தகப்பன் எது பிள்ளை எது என்றே பிடிபடாது. "ஓம், நீங்கள்தான். உடையுங்கோ" என்று சொல்லிவிட்டு வழக்கம்போலத் திரும்பிக்கொண்டேன். நல்ல சத்தமாக உடைந்தது. துண்டுகளைக் கடதாசியில் பொதிந்து, துறையில் போடுவதற்கு எடுத்துப் போனாள்.

22.2.1944

துரைக்குப் பல்வலி. கராம்பு வைத்துக் கடிக்கச் சொன்னேன். குழந்தைப்பிள்ளை மாதிரி முகத்தைச் சுழித்தார்.

5.3.1944, ஞாயிறு

பல் சுகமாகிவிட்டது, கதையும் வந்துவிட்டது. செக் நாட்டில் ஆறு ஓடுகிற ஒரு சின்ன ஊராம் துரையின் ஊர். தகப்பன் காலத்து ஸ்ரூடியோ. ஊரில் கலியாணம், செத்தவீடு, பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் இவர்தான். பெண்களை மட்டும் அவர் மனைவி பொஷெனா எடுப்பாராம். மனைவி செத்தாள், ஜெர்மன்காரன் ஊருக்குள் வந்தான், இவர் கப்பலேறிக் கடைசியில் எங்கள் துறைமுகத்தில் இறங்கினார்.

நாற்பத்திரண்டில் யப்பான்காரன் குண்டு போட்டு ஊரே காடு வழியே ஓடியபோது, இவரும் நானும்தான் நின்று யன்னல் கண்ணாடிகளைக் கூட்டி அள்ளினோம். அன்றைக்குத்தான், "நீ படிக்கிறாயா, பூரணி?" என்று கமராவைக் காட்டிக் கேட்டார். செவ்வாய்க்கிழமைச் சட்டம் போட்டபோது பொஷெனாவின் படத்தில் கை வைத்துச் சத்தியம் செய்தார். ஒரு தகட்டையும் தொடமாட்டேன், ஒரு முகத்தையும் பார்க்கமாட்டேன் என்று.

அண்ணாவுக்குப் பிறகு நான் நம்புகிற ஆண்பிள்ளை இந்த மனிதர் ஒருவர்தான்.

19.4.1944, புதன்

எழுதத்தான் வேண்டும்.

ஆனந்தராசா அண்ணா துறைமுகக் களஞ்சியத்தில் கிளாக்கர். வேலையால் வந்ததும் சேட்டுப் பையிலிருந்து ஒரு தபாலட்டையை எடுத்து மேசையில் வைத்தார். "பூரணி, இது உங்கட பனிமலைதானே? நேவிக்காரன் ஒருத்தன் கதவில குத்தி வைச்சிருந்தவன். கழட்டிக்கொண்டு வந்தனான்."

பனிமலைதான். அதற்கு முன்னால் றுக்கியா. சிரித்துக்கொண்டு, முக்காடு வழுகி.

கீழே இங்கிலீசில் 'திருகோணமலை அழகி'. அதற்கும் கீழே, பொடி எழுத்தில், 'படம்: ஏ. வாவ்ரா'.

உடைச்சவள்தானே? நான் சத்தம் கேட்டனானே? என்ர காதால கேட்டனானே? அப்ப உடைஞ்சது என்ன? ஐயோ, உடைஞ்சது ஆருடைய முகம்?

20.4.1944, வியாழன்

விடிந்ததும் போனேன். அட்டையை அவர் முன்னால் போட்டேன். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். முதல் வந்த வார்த்தை: "கறுப்புக் கூடிவிட்டது. கொழும்புக்காரர் நல்ல கடதாசி போடவில்லை."

மன்னிப்பு இல்லை, திடுக்கிடல் இல்லை. கடதாசி சரியில்லையாம்!

கேட்கக் கேட்கச் சொன்னார், ஒளிக்கவும் இல்லை. அலுமாரிக்கு இரண்டாவது திறப்பு அவரிடம் இருந்திருக்கிறது. கப்பல்காரப் பெடியளின் பழுதான தகடுகளை உறைகளில் மாற்றி வைத்துவிட்டு நல்லதை எடுத்திருக்கிறார். றுக்கியா மட்டுமில்லை. கட்டைபறிச்சானிலிருந்து வந்த தங்கேஸ்வரி, சல்லிப் பக்கத்துப் பெண்கள், எல்லோரும் ஒரு பெட்டியில், கொழும்பில் ஒரு அச்சுக்கூடத்தில். முதலில் றுக்கியாவை அடித்துப் பார்த்தார்களாம். நன்றாக விற்கிறதாம். மற்றவர்கள் இனித்தானாம்.

"தகட்டில் யாருக்கும் தன்னைத் தெரியாது, பூரணி. நீயும் பார்ப்பதில்லை" என்றார்.

நான் பார்ப்பதில்லை. அதையும் கவனித்து வைத்திருக்கிறார். என் மரியாதையை வைத்தே என்னை வெட்டியிருக்கிறார்.

"பொஷெனாவில சத்தியம் செய்தனீங்களே?" என்று கேட்டேன். "பொஷெனா செத்துவிட்டாள்" என்றார். பிறகு, "கமரா என்னுடையது. தகடு என்னுடையது. இவ்வளவு அழகான படத்தை உடைக்கிறது பாவம்" என்றார்.

படம் என்ர! தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். எடுத்தது நான் என்று சொன்னால் விற்றதும் நான் என்றுதானே ஊர் சொல்லும்? பெயரையும் எடுத்துக்கொண்டு, வாயையும் கட்டிவிட்டார். திறப்பை மேசையில் எறிந்துவிட்டு வந்துவிட்டேன். தெரு முழுக்க அழுதுகொண்டு வந்தேன், வெட்கமில்லாமல்.

25.4.1944, செவ்வாய்

ஸ்ரூடியோவுக்குப் போகவில்லை. இனிப் போகமாட்டேன்.

27.4.1944, வியாழன்

கிண்ணியாவுக்குப் போனேன். முஹம்மது தம்பி கொழும்புத் துறையில் நிற்கிறாராம், அடுத்த மாதம் திரும்புவாராம். அந்த அட்டை கொழும்புக் கடைகளில் தொங்குகிறது. அவர் கண்ணில் படுவதற்கு முன்னால் றுக்கியா காதில் விழ வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவள் நான்தான். துறையில் வள்ளம் நகரும்போது திரும்பி ஓடிவிடலாமா என்றிருந்தது.

குசினிக்குள் இருத்தித் தேத்தண்ணி தந்தாள். சொன்னேன். அட்டையைக் காட்டினேன். கையில் வாங்கவில்லை. நான் பிடித்திருக்க, குனிந்து பார்த்தாள்.

"எத்தனை பேர் பார்த்திருப்பாங்க?"

"தெரியாது, றுக்கியா."

"நானா எண்டு கேட்டன். ஓம், நீங்கள்தான் எண்டு சொன்னீங்க."

நான் விற்கவில்லை, நான் ஒரு சதமும் வாங்கவில்லை, என்னையும்தான் ஏமாற்றினான் என்றெல்லாம் வள்ளத்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். ஒன்றும் வாயில் வரவில்லை.

"நீங்க பகிடி விட்டதாலதான் சிரிச்ச நான். இல்லாட்டிச் சிரிச்சிருக்க மாட்டன்" என்றாள். பிறகு எழும்பி, "அவர்கிட்ட நான் சொல்றன். நீங்க இனி இங்க வராதீங்க."

தேத்தண்ணியைக் குடிக்கவில்லை.

14.5.1944

துரைக்கு ஓர்ஸ் ஹில்லில் பெரிய இடம் கிடைத்திருக்கிறது. எங்கள் ஒழுங்கை முகப்பிலிருந்தே மலையில் அவர் பெயர்ப்பலகை தெரிகிறது. கடற்படை அதிகாரிகள் தோளில் கை போட்டுக்கொண்டு போகிறார்கள். ஆரிடம் போய் முறையிட? அண்ணா எழுதிக் கொடுத்த முறைப்பாட்டுக்கு, தபாலட்டை அச்சடிப்பது குற்றமில்லை என்று பதில் வந்தது.

திரும்பி வரச் சொல்லி ஆள் அனுப்பினார். நல்ல கையாம் என்னுடையது. பிள்ளை மாதிரியாம் நான். வந்த ஆளிடம் நான் சொன்னதை இங்கே எழுத ஏலாது.

11.6.1944, ஞாயிறு

துறையடியில் கேள்விப்பட்டது. முஹம்மது தம்பி வந்தார். றுக்கியா வாசலிலேயே வைத்துச் சொல்லிவிட்டாளாம். மனிதர் சத்தம் போடவில்லையாம். தன் பெட்டியிலிருந்த படத்தை எடுத்து அடுப்பில் வைத்தார். அவளைத் தாய் வீட்டில் விட்டுவிட்டு, திரும்பவும் கொழும்புக்குப் போய்விட்டாராம்.

தாய் வீட்டில் விட்டுவிட்டாராம்.

நான் என்ன செய்தனான்? நான் என்னத்தைச் செய்தனான்? சும்மா நம்பினனான். நம்பினவளும் சிரிச்சவளும் மூலைக்குள்ள. அவன் மலையில நிண்டு படம் பிடிக்கிறான்.

2.7.1944

கமரா இல்லாமல் என் கைகளுக்கு வேலை தெரியவில்லை. சோறு அடிப்பிடித்துவிட்டது. அண்ணா அதையே சாப்பிட்டார்.

2.8.1944, புதன்

பின்னேரம் படலையடியில் ஆள் நின்றது. முஹம்மது தம்பி! அண்ணா என்னை மறைத்துக்கொண்டு முன்னால் போனார்.

முஹம்மது தம்பி தோளிலிருந்த பெட்டியை இறக்கினார். பாய்த்துணியால் சுற்றி, கப்பல் கயிற்றால் வரிந்து கட்டியிருந்தது. தகட்டுப் பெட்டி.

"கொழும்பு அச்சுக்கூடத்தில இருந்து எப்படி எடுத்தீங்கள்?" என்றார் அண்ணா.

"கேட்டு எடுத்தன்" என்றார். வலது கையில் காயக்கட்டு.

என்னைப் பார்க்காமல், நிலத்தைப் பார்த்துச் சொன்னார்: "நான் திறக்கல்ல, தங்கச்சி. மத்த வீட்டுப் பொம்புளையளும் இதுக்குள்ள இருக்காங்கதானே. ஒங்களுக்குத்தான் இதை வாசிக்கத் தெரியுமாம். றுக்கியா சொன்னா."

தாய் வீட்டில் விட்டது கோபத்தில் இல்லையாம். அவர் இல்லாத நேரம் அயலவர்களின் வாய்க்குள் அவள் தனியாகக் கிடக்கக் கூடாது என்றுதானாம். அண்ணாவிடம் சொல்லிக்கொண்டு நின்றார். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

கடலில் அத்தனை நாள், ஒரு பெட்டி பக்கத்தில், கயிற்றைத் தொடவில்லை. சத்தியம் செய்தவன் இரண்டாவது திறப்பு வைத்திருந்தான். இந்த மனிதரிடம் ஒருவரும் சத்தியம் கேட்கவே இல்லை.

15.8.1944, செவ்வாய்

வீடு வீடாகச் சொல்லி அனுப்பியிருந்தேன். சிலர் வந்தார்கள், சிலர் வரமாட்டோம் என்றார்கள், தங்கேஸ்வரி வந்து என் முகத்துக்கு நேரே கேட்கக் கூடாத கேள்விகளெல்லாம் கேட்டாள். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அண்ணா குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கிணற்றடியில் கறுப்புத் துணியை விரித்தேன். தகட்டைக் கறுப்புக்கு மேல் கொஞ்சம் சரித்துப் பிடித்தால், வெளிச்சம் படும் விதத்தில் கறுப்பு வெளுத்து, வெளுப்புக் கறுத்து, முகம் முகமாகத் தெரியும். இருட்டறையில் நான் ஒவ்வொரு நாளும் செய்கிற காரியம். எவ்வளவு லேசான வேலை! முதல் நாளே ஒவ்வொருத்திக்கும் இதைக் காட்டியிருந்தால் எவன் என்ன மாற்றி வைத்திருக்க முடியும்? திரும்பி நிற்பதுதான் மரியாதை என்று நினைத்தேன், பைத்தியக்காரி.

ஒவ்வொருத்தியும் தன்னைக் கண்டாள். கண்ட பிறகுதான் உடைத்தாள். வராதவர்களின் தகடுகளை வந்தவர்களில் உறவுக்காரிகள் பொறுப்பெடுத்தார்கள்.

றுக்கியா கடைசியாக வந்தாள். படலைக்கு வெளியே முருங்கைமரத்தடியில் முஹம்மது தம்பி, வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

தகட்டைத் துணியில் வைத்துச் சரித்தேன். தகட்டுக்குள்ளிருந்து அவள் சிரித்துக்கொண்டு எழும்பி வந்தாள், பனிமலைக்கு முன்னால். அடுப்பில் போன படம். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு இருந்தோம். அவளுக்கு இப்போது அந்த முகம் இல்லை. மெலிந்து போயிருக்கிறாள்.

"இது நான்தான்" என்றாள், என்னைக் கேட்காமல்.

"ஓம்."

"அந்த அட்டையில அவன்ட பேர் போட்டிருக்கு. எடுத்தது நீங்கதானே?"

துரைக்கு முன்னால் விழுங்கியது, அண்ணாவிடம்கூடச் சொல்லாதது.

"ஓம், றுக்கியா. நான்தான் எடுத்தனான். என்ர படம்."

அவள் தகட்டைத் துணியில் மட்டமாக வைத்தாள். பிறகு குழவியை எடுத்து என் கையில் தந்தாள்.

"அப்ப நீங்களே உடைங்க."

உடைத்தேன். இந்த முறை நான் திரும்பவில்லை. அவளும் திரும்பவில்லை.

துண்டுகளை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டாள். வருகிறேன் என்று சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. படலையைத் திறந்ததும் முஹம்மது தம்பி முன்னால் நடக்கத் தொடங்கினார், அவள் பின்னால் துறைப் பக்கம் போனாள். ஒழுங்கை முடியும் வரைக்கும் அந்த மனிதர் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை.