கல்லடியில் வீடு வாங்கப் போனது

ஒக்டோபர் 4, சனி

விடிந்ததிலிருந்து மழை. கொடியில் போட்ட உடுப்பெல்லாம் மறுபடி உள்ளே. பத்து மணிக்கு வாடகை வீட்டின் சொந்தக்காரர் போன் எடுத்தார், இங்கிலாந்திலிருந்து. அங்கே கடற்கரைப் பக்கம் அமைதியான ஒரு ஊரில் வீடு வாங்கிவிட்டாராம். சந்தோஷம். ஆகவே நாங்கள் டிசம்பருக்குள் இந்த வீட்டை விட வேண்டுமாம். சுற்றுலா வருகிறவர்களுக்கு அறை அறையாகக் கொடுக்கப் போகிறாராம்.

அந்த ‘ஆகவே’தான் எனக்கு விளங்கவில்லை.

பன்னிரண்டு வருடம் இருந்திருக்கிறோம். நான் வைத்தவை: முருங்கை 2, தேசி 1, கறிவேப்பிலை, செவ்வரத்தை. கிணற்றுக்கட்டு வெடித்தபோது பூசியதும் நாங்கள்தான். ஒரு நன்றி? இல்லை.

மகளின் கலியாணத்தோடு எங்கள் வீட்டை அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வாடகைக்கு வந்தவர்கள் நாங்கள். இங்கே எல்லோரும் செய்வதுதான். என் அம்மாவும் எனக்கு அப்படித்தான் தந்தார். அதில் வருத்தமில்லை. ஆனால் முப்பத்தொரு வருடம் கணக்குப் படிப்பித்தவளை ஒரு போனில் வீட்டை விட்டு எழுப்பிவிடலாம் என்றால் கோபம் வராதா? என் கணவரிடம் சொன்னேன்: வாங்குவோம், கல்லடியிலேயே, எங்களுக்கென்று. இவருக்கு இடது காது கேட்காது. “என்னத்த?” என்றார்.

ஒக்டோபர் 7, செவ்வாய்

வெயில், புழுக்கம். இடியப்ப மா முடிந்துவிட்டது, வாங்க வேண்டும்.

புரோக்கர் வந்தார். கடற்கரை ஒழுங்கையில் ஒரு வீடு இருக்கிறதாம். நான் கேட்டது ஐந்து கேள்வி. கிணறு உவரா? மழைக்கு வளவில் தண்ணீர் நிற்குமா? சுனாமித் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது? கூரை ஓடா, சீற்றா? காணி உறுதி ஒழுங்கா? ஐந்துக்கும் பதில் இவரின் முகத்தைப் பார்த்து. அதுவும் இடது பக்கம் இருந்துகொண்டு. இவர் ஐந்துக்கும் தலையாட்டினார். அவர் போன பிறகு “என்னவாம்?” என்று என்னிடம் கேட்டார்.

என் பேரில்தான் எழுத வேண்டும் என்று புரோக்கரிடம் சொல்லியிருந்தேன். “அதெல்லாம் மறுகா பாப்பம், ஐயாட்ட கதைக்கிறன்” என்றார். ஐயாவுக்குக் கேட்கும் காதையாவது முதலில் கண்டுபிடிக்கட்டும்.

ஒக்டோபர் 8, புதன்

வீடு பார்த்தோம். பிடித்துவிட்டது. மறைக்க என்ன இருக்கிறது, நன்றாகவே பிடித்துவிட்டது. ஓட்டுக் கூரை. நல்ல தண்ணீர். குசினி யன்னல் கிழக்கே, அடுப்படியில் நின்று பார்த்தால் தென்னைகளுக்கு நடுவே கடல். சத்தமில்லாத ஒழுங்கை.

விற்கிறவர் அரசாங்கக் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகனோடு கொழும்பில் போய் இருக்கப் போகிறாராம். விறாந்தையில் மூன்று ஆண்களும் கதைத்தார்கள். நான் கதிரையில் ஒரு தலையணை உறைபோல. அவரின் மனைவி இஞ்சித் தேத்தண்ணி கொண்டுவந்தா. சீனி அதிகம்.

ஒக்டோபர் 11, சனி

அந்த வீட்டுக்கு இரண்டாம் தரம். குசினி யன்னலை அளந்தேன், திரைச்சீலைக்கு. மறுபடி தேத்தண்ணி, மறுபடி சீனிப்பாணி. அந்த அம்மாவிடம், அடுத்த முறை சீனி கொஞ்சம் குறையுங்கோ என்றேன். சிரித்தா.

மத்தியானம் சூடை மீன் சொதி. இவர் இரண்டு தரம் சோறு போட்டார்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

மூன்றாம் தரம். தேத்தண்ணியில் சீனி அளவாக. விலை சரிவந்தது, ஆண்கள் கைகொடுத்துக்கொண்டார்கள். காசு என் காசு, என்னிடம் ஒருவரும் கை நீட்டவில்லை. வரும் வழியெல்லாம் இவரோடு சண்டை. வலது காதில்.

ஒக்டோபர் 15, புதன்

உறுதியின் பிரதியைக் கேட்டுக் கேட்டு, கடைசியில் உறுதி எழுதும் நொத்தாரிசு கொடுத்தார். கண்ணாடியைப் போட்டு வாசித்தேன். சீதன உறுதி. தாய் மகளுக்கு எழுதியது. அந்த மகள், தேத்தண்ணி தந்த அம்மா.

அந்த மனுசனுக்கு அந்த வளவில் ஒரு தென்னை கூடச் சொந்தமில்லை! புரோக்கரைத் திட்டினேன், விற்கிறவரைத் திட்டினேன், இவரையும் சேர்த்துத் திட்டினேன். கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. எங்கள் ஊரில் வீடு பெண்ணின் பேரில் என்று எனக்குத் தெரியாதா? வாங்கியும் கொடுத்தும் இருக்கிறேன். எனக்கே ஏன் தோன்றவில்லை?

ஒக்டோபர் 16, வியாழன்

தனியாகப் போனேன். அவ கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தா. ஐயா இல்லை என்றா. உங்களைத்தான் பார்க்க வந்தேன் என்றேன். கையைக் கழுவிவிட்டு வந்து இருந்தா. விற்க விருப்பமா என்று கேட்டேன். 

“எனக்கு விருப்பமில்ல டீச்சர். கொழும்புல மகன்ட வீட்டுல ஒரு அறைக்குள்ள நான் என்ன செய்ற? நீங்க மூணு தரம் வந்தீங்க. என்னோட கதைச்சது சீனியப் பத்தி மட்டுந்தான்.”

புரோக்கர் என் முகத்தைப் பார்க்கவில்லை என்று இந்தக் கொப்பியில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். வெட்கம். வெட்கம்தான், வேறு பெயர் இல்லை.

போகும்போது முருங்கைக்காய் கொண்டுபோயிருந்தேன். அதை வாங்கிக்கொண்டா.

ஒக்டோபர் 18, சனி

மழை. தீபாவளிச் சாமான்: நல்லெண்ணெய், உளுந்து, மகளுக்கு ஒரு சேலை.

புரோக்கரின் போன், இப்போது நேரே எனக்கு. “கையெழுத்துத்தானே டீச்சர், அந்த ஐயா வாங்கித் தருவார். அவ ஒண்டும் சொல்ல மாட்டா.” அது எனக்கும் தெரியும். சும்மா இருந்தால் அந்த யன்னல் எனக்கு வரும். வேண்டாம் என்றேன். போனை வைத்துவிட்டு, திரைச்சீலைக்கு எடுத்த அளவைக் கிழித்தேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அந்த வீட்டில் எனக்கு உண்மையிலேயே ஆசை இருந்தது.

ஒக்டோபர் 19, ஞாயிறு

மாலை, இங்கிலாந்துக்காரரின் போன். அறை அளக்க ஆள் வருமாம், கதவைத் திறந்து விட வேண்டுமாம். இந்த வீட்டைக் கட்டியது அவரின் மாமியார் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பன்னிரண்டு வருடம் வாடகையும் கதையும் அவரோடு மட்டும். கேட்டேன்: உறுதி யார் பேரில்? இருமினார். மனுசி பேரிலதான், அதுக்கென்ன என்றார். போனை அவவிடம் கொடுக்கச் சொன்னேன். என்னத்துக்கு என்றார். கொடுங்கோ என்றேன், வகுப்பறைக் குரலில்.

அவ வந்தா. சுகம் கேட்டா. டிசம்பரில் நாங்கள் போன பிறகு முருங்கைக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று கேட்டேன்.

“ஏன் டீச்சர், எங்க போகப் போறீங்க? எனக்கு ஆரும் ஒண்டும் சொல்லல்லியே.”