அறுபத்து நாலு என்று எழுதிய டேப்

அன்பு மகள் ஆ-சென்னுக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம், கீலுங் மழையும் சுகம், பதினோரு நாளாக விடவில்லை. ஹாம்பர்க்கில் நீயும் சுகமாகத்தான் இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன், உன் போன் செய்திகளில் சிரிக்கும் மஞ்சள் முகத்தைத் தவிர வேறு தகவல் எதுவும் வருவதில்லையே. இதையும் போனிலேயே சொல்லியிருப்பேன். அம்மாதான், "உங்க வாயால சொன்னா நல்ல சேதிகூட திட்டுற மாதிரி இருக்கும், எழுதுங்க" என்றாள். நேற்று நம் ரேடியோ நிலையத்தில் ஒன்று நடந்தது. இருபது வருஷமாக அங்கே இன்ஜினியர் வேலை பார்க்கிறேன், இப்படி ஒரு பத்து நிமிஷத்தைப் பார்த்ததில்லை.

முதலில் கெட்டதைச் சொல்லிவிடுகிறேன். நீ ஊரை விட்டுப் போவதற்கு முந்தைய கோடையில், துறைமுகத் தேவாலயம் கொடுத்த பழைய ரீல் டேப்புகளையெல்லாம் பட்டியல் போட்டாயே, அதில் ஒரு பெட்டியில் "64.10.11, தோ பாக்-சான், சொந்தப் பாட்டு" என்று இருந்தது. நம் ஊரில் அறுபத்து நாலு என்றால் குடியரசு பிறந்ததிலிருந்து எண்ணும் ஆண்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றைக் கூட்டு என்று பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். நீயும் கூட்டி 1975 என்று டைப் அடித்தாய். நான் இருபது வினாடி ஓட்டினேன், சத்தம் சரியாக வருகிறதா என்று மட்டும் பார்த்தேன், கையெழுத்துப் போட்டேன். தப்பு உன்னுடையது, ஆனால் கையெழுத்து என்னுடையது, ஆகவே பாதிக்கு மேல் என் தலையில்தான்.

அந்தப் பட்டியலை வைத்துத்தான் நம் அறிவிப்பாளர் பீ-ஹுவா போன வருஷம் அக்டோபர் பதினொன்றாம் தேதி தன் "இதே நாளில் ஒரு பாட்டு" நிகழ்ச்சியில் பேசினாள். உனக்குத் தெரியுமே, அவளுக்குக் கேலி இல்லாமல் வாய் திறக்காது. 1970இல் தைபே கம்பெனி ஒன்றின் ரிக்கார்டாக வந்து ஊரே பாடிய, கப்பல் கயிற்றைப் பற்றிய அந்தப் பாட்டை, ஐந்து வருஷம் கழித்து நம்ம ஊர்க்காரர் ஒருவர் தேவாலயத்தில் சொந்தப் பாட்டு என்று பாடினார், நல்ல ஞாபகசக்தி என்று சொல்லிச் சிரித்தாள். நானும் ஸ்டூடியோ கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சிரித்தேன். அன்றிலிருந்து துறைமுகத்துக் கரோக்கி மன்றத்தில் தோ பெரியவருக்கு ஜெராக்ஸ் என்று பேர். மெட்டு என்னுடையது என்று ஐம்பது வருஷமாகச் சொல்லிவந்த மனிதர், அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. இது எனக்குப் போன வாரம்தான் தெரியும்.

தெரிந்தது எப்படி என்றால், அவரே வந்தார். வயது எண்பது, கோட்டு, டை, குடையிலிருந்து என் மெஷின் அறை முழுக்கத் தண்ணீர். எனக்கு எரிச்சல். "ஐயா, பெட்டியில தேதி இருக்கு, டேப் பொய் சொல்லாது" என்றேன். அவர், "டேப் பொய் சொல்லாதுதான் தம்பி. அதை முழுசா கேட்காதவன்தான் சொல்லுவான்" என்று சொல்லிவிட்டுக் குடையை என் மேஜை மேலேயே வைத்தார். அவர் சொல்வதைப் பொய்யாக்கத்தான் அன்று மாலை முழு ரீலையும் ஓடவிட்டேன், ஒளிக்காமல் சொல்கிறேன். பாட்டு முடிகிறது, கைதட்டு, பிறகு மணி அடிக்கிறது, பாதிரியார் பேசுகிறார், "இன்னைக்கு ஞாயித்துக்கிழமைங்கிறதால யாரும் சாப்பிடாம போகக்கூடாது, நேத்து கொடி விழாவுக்கு வாங்கின அரிசி சேமியா மிச்சம் இருக்கு" என்கிறார். காலண்டரைப் பார்த்தேன். 1975 அக்டோபர் பதினொன்று சனிக்கிழமை. 1964இல் ஞாயிறு. நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். உடனே அவருக்குப் போன் செய்தேன். "ஏன் ஐயா, அறுபத்து நாலுன்னு யார் எழுதினது?" என்று கேட்டேன், "நாங்க தேவாலயத்து ஆளுங்க, எங்க கணக்கு எப்பவும் இயேசு பொறந்ததுலேருந்துதான், இதைக்கூட கேட்காம நீ என்ன இன்ஜினியர்?" என்று போனை வைத்துவிட்டார். வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

நேற்று சரியாக அறுபது வருஷம். பகல் பன்னிரண்டு பத்துக்குப் பீ-ஹுவா பக்கத்தில் அதே கோட்டோடு அவர். அவள் சுற்றி வளைக்கவில்லை, போன வருஷம் நாங்கள் சொன்னது தப்பு, மெட்டு இவருடையது, ரிக்கார்டு வருவதற்கு ஆறு வருஷம் முன்னால் பாடியிருக்கிறார், ஆதாரம் இதோ என்றாள், நான் டேப்பை ஓடவிட்டேன். இருபது வயதுக் குரல் வந்ததும் பெரியவர் மோதிரம் போட்ட விரலால் மேஜையில் தாளம் போட்டார், மைக்கின் சத்தத்தைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டுத் தொட்டு வந்தது. வேறு யாராவது என்றால் கத்தியிருப்பேன். தட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். மணி ஓசையும் ஞாயிற்றுக்கிழமையும் போனதோ இல்லையோ, ஆறு போன் லைனின் விளக்குகளும் எரிய ஆரம்பித்தன! ஓர் அம்மாள், "நான் பாடகர் குழுவுல ரெண்டாவது வரிசை. அன்னைக்கும் இந்த மனுஷன் அரைத் தாளம் பிந்தித்தான் எடுத்தார்" என்றார். பெரியவர் மைக்கைப் பிடுங்கி, "நீ முந்தி எடுத்தேம்மா" என்றார். அடுத்து கரோக்கி மன்றத்துத் தலைவர், "டேய் ஜெராக்ஸ், இன்னைக்கு வாடா, முதல் பாட்டு உன்னுதுதான்" என்றார். இவர், "முதல்ல மன்னிப்பு, அப்புறம் பாட்டு" என்றார். லைனில் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. ரேடியோவில் மௌனம் என்றால் என் உயிர் போகும், உனக்குத் தெரியும், ஆனால் நேற்று இடையில் பாட்டு விடும் பொத்தானில் கை வைக்கவில்லை. பிறகு அந்த மனிதர், "தப்புதான் பாக்-சான், வா" என்றார். பீ-ஹுவா அழுதுவிட்டாள், வானிலை அறிக்கையை நானே வாசித்தேன், கேவலமாக வாசித்தேன்.

ஒரு வேலை பாக்கி. பட்டியலில் 1975 இன்னும் அப்படியே இருக்கிறது. நான் மாற்றப் போனேன், எழுதியது நீ என்று சொன்னதும் பெரியவர் தடுத்தார். "எழுதின பொண்ணு எங்கே? அவளே திருத்தட்டும். அறுபது வருஷம் இருந்தேன், கடுதாசி போய்ச் சேர்ற வரைக்கும் இருக்க மாட்டேனா?" என்றார். கோபமாக இல்லை, உன் பேரையும் என்ன படிக்கிறாய் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். டேப்பின் பிரதியை உன் மின்னஞ்சலுக்கு அனுப்பியிருக்கிறேன், பதினாறு நிமிஷம். பாட்டோடு நிறுத்தாதே, மணி, சாப்பாடு, நாற்காலி இழுக்கும் சத்தம் எல்லாம் கேட்டுவிட்டு மாற்று, உன் பழைய கடவுச்சொல் இன்னும் வேலை செய்யும். மாற்றியதும் அவருக்குப் போன் செய், எண் இந்தத் தாளின் பின்பக்கம். திட்டுவார், கேட்டுக்கொள். என் பழைய கையெழுத்தை நேற்றே அடித்துவிட்டேன், நீ திருத்தியதும் இன்னொரு முறை முழுசாகக் கேட்டுவிட்டுப் புதிதாகப் போடுவேன்.

குளிருக்குத் தடித்த காலுறை வாங்கு, அம்மா மீன் உருண்டை அனுப்ப முடியவில்லையே என்று தினமும் சொல்கிறாள். தொட்டதெல்லாம் உனக்குத் துலங்கட்டும், தப்பு வந்தால் திருத்த ஆளும் நேரமும் எப்போதும் கிடைக்கட்டும்.

உன் அப்பா,
கோக்-லியாங்
கீலுங், அக்டோபர் 12