உடையும் என்று தெரிந்த எண்

பாப்பா,

நேற்று அம்பிட்டியவுக்குப் போயிருந்தேன். உன் அம்மா உன் அலுமாரியைக் காலி செய்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் என் அக்கா அலுமாரிக் கதவைச் சாத்தினார். நாலாக மடித்த ஒரு தாளை மட்டும் என் கையில் வைத்தார். பூச்சி உருண்டை வாசனை. விரித்தால் அந்த எண்! முந்நூறு இலக்கம், நடுவில் ஒரு கமா கூட இல்லாமல்.

அதை நீ என் பீங்கான் கடைக்குக் கொண்டுவந்த நாளை நினைத்துக்கொண்டேன். பிலிமத்தலாவையில் என்னைப் போலப் பீங்கான் பார்க்கத் தெரிந்தவன் கிடையாது. கொழும்பிலிருந்து கார் அனுப்பிக் கூட்டிப்போவார்கள். சரி, ஒருமுறை கூட்டிப்போனார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன் என்று உன் அப்பா சொல்வதும் பொய். ஒன்பதாம் வகுப்பில் மூன்று நாள் இருந்திருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் கணிதம் படிப்பித்த நீ, இந்த மாமாவிடம் காட்டத்தானே பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கினாய்?

"மாமா, இது பகா எண் இல்ல. இதைவிடச் சின்ன எண்கள் ரெண்டைப் பெருக்கினா இது வரும். ஆனா அந்த ரெண்டும் எதுன்னு யாருக்கும் தெரியாது."

"உடைச்சுப் பாக்காம உடையும்னு எப்படிச் சொல்ற? மாமாவையே ஏமாத்துறியா?"

"ஒரு சோதனை இருக்கு. எந்தப் பகா எண்ணும் அதுல தோக்காது. இது தோத்துருச்சு."

நான் ராக்கையிலிருந்து ஒரு பீங்கானை எடுத்து விரலால் சுண்டினேன். ணங் என்றது. இன்னொன்றைச் சுண்டினேன். டொக் என்றது.

"இதுல கீறல் எங்கன்னு எனக்கும் தெரியாது. ஆனா இருக்கு. இதுதானே நீ சொல்றது?"

நீ கதிரையில் உட்கார்ந்துவிட்டாய். "மாமா, இதை நான் வகுப்புல சொல்லப்போறேன்" என்றாய். தெல்தோட்டை வரைக்கும் போய் நான் அதைச் சொல்லிவிட்டு வந்தேன். சொல்லச் சொல்ல, உன் மாணவர்கள் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள் என்றும் ஆயிற்று.

அதோடு விட்டேனா? வகுக்கிற எண்ணை நானே கண்டுபிடிப்பேன் என்று சவால் விட்டேன். "கம்ப்யூட்டரே கோடிக்கணக்குல வகுத்துப் பாத்துருச்சு மாமா. வர்க்கமூலம் வரைக்கும் தேடினாப் போதும்தான். அதுவே நூத்தம்பது இலக்கம்" என்று சிரித்தாய். நான் கொப்பி வாங்கி வகுக்கத் தொடங்கினேன். மூன்று, ஏழு, பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் மீதி வந்தது. ஞாயிறுதோறும் நீ போனில் அழைத்து விசாரிப்பாய்.

கடைசி ஞாயிறு உன் குரல் வேறாக இருந்தது.

"குரல் என்ன ஒரு மாதிரி இருக்கு?"

"களைப்பு மாமா. நீங்க சொல்லுங்க, எது வரைக்கும் வந்தீங்க?"

நான் ஒரு தடவைதான் கேட்டேன். பிறகு, ஆயிரத்தைத் தாண்டிவிட்டேன் என்று அரைமணி நேரம் அளந்தேன். நீ சிரித்தாய்; சிரிப்புக்கு நடுவே மூச்சு வாங்கியது. அது என் காதில் விழுந்தது பாப்பா. எங்கே என்று தெரியாது, ஆனால் இருக்கிறது என்று தெரிந்தது. அக்காவுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் பெருமையைச் சொல்லி முடிக்கிற அவசரத்தில் விட்டுவிட்டேன்.

பத்தாம் நாள் உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து பெட்டியில் கொண்டுவந்தார்கள். இதயம் என்றார்கள். முன்னமே பார்த்திருந்தால் என்று டாக்டர் சொல்லத் தொடங்கியபோது, உன் அப்பா கையை உயர்த்தி நிறுத்திவிட்டார்.

ஆயிரம் என்றது பொய். இருநூற்றுப் பதினொன்றில் நின்றிருந்தேன். உன் மூச்சு வாங்கியது காதில் விழுந்ததை அக்காவிடம் நேற்றும் சொல்ல வாய் வரவில்லை. உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

இப்போது கடைக்கு வருகிறவர்களின் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தாலும் உடம்புக்கு என்ன என்று கேட்கிறேன். முதலாளிக்கு வேறு வேலை இல்லை என்று சிரிக்கிறார்கள். ஒன்றுமில்லை, களைப்பு என்கிறார்கள். நான் சாமானைக் கட்டிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, இன்னொரு தடவை கேட்கிறேன்.