நீலப் பேயும் சாக்கு முகமும்

நீலப் பேயின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடிய என் அன்பான அப்பாவுக்கு,

இன்று விபூதிப் புதன். காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வந்து, முகம்கூடக் கழுவாமல் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.  திங்கட்கிழமை உங்கள் பேரன் டிலான் என்னைப் பயத்தில் பாதி உயிராக்கிவிட்டான். வேறு யாருக்குச் சொன்னாலும் சிரிப்பார்கள். உங்களுக்கு விளங்கும்.

அவனும் உங்களைப் போலக் கப்பலுக்குத்தான் போனான், அப்பா. எண்ணெய்க் கப்பலில் எஞ்சினியர். போன கிழமை அந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்தில் கட்டியது தெரியுமா? ட்ரினிடாட்டில், போர்ட் ஒஃப் ஸ்பெயினில். "அம்மா, அம்மப்பா பாத்த கார்னிவல் வருது! எங்களுக்கு லீவு தந்திட்டாங்கள்" என்று போனில் குதித்தான். என்னால் குதிக்க முடியவில்லை. அந்த ஊரில் துவக்குத் தூக்கிச் சுடுகிற குழுக்களின் சண்டை என்றும், அவசரகால நிலை போட்டிருந்தார்கள் என்றும் செய்தியில் பார்த்திருந்தேன். அவசரகாலம் என்ற சொல்லைக் கேட்டால் யுத்தத்துக்குள் வாழ்ந்த எங்களுக்கு நாக்கு வறண்டு போகாதா?

தவக்காலம் தொடங்குவதற்கு முதல் நாள் நீங்கள் எங்களைச் சுற்றி உட்கார வைத்துச் சொல்லும் அந்த முகமூடித் திருவிழாக் கதையை இப்போது எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது உங்களுக்கு இருபது கடந்தும் மீசை சரியாக முளைக்கவில்லை. ட்ரினிடாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து வந்த முதலாவது கார்னிவல். "எங்களுக்குச் சுதந்திரம் வந்த நாள் பள்ளிக்கூடத்திலை தின்ன ஒரு பணிசும் கடதாசிக் கொடியும் தந்து வீட்டை போகச் சொன்னவங்கள். அங்கை பாத்தா ஊர் முழுக்கத் தெருவிலை நிக்குது" என்பீர்கள். சிவப்பும் வெள்ளையும் கறுப்புமாகப் புதுக்கொடி ஒவ்வொரு யன்னலிலும். எண்ணெய்த் தகரப் பீப்பாயை வெட்டி, சுட்டு, தட்டி, அதிலிருந்து கோயில் மணி போல இசை எடுக்கிற இளைஞர்கள். உங்களை எல்லாவற்றையும்விட வியக்க வைத்தது ஒரு பாட்டுக்காரன். "மந்திரியை நக்கலடிச்சுப் பாடுறான் பிள்ளையள், பக்கத்திலை பொலிஸ்காரன் நின்டு தாளம் போடுறான்!" இதைச் சொல்லும்போது மட்டும் உங்கள் குரல் தணிந்துவிடும். எங்கள் வாசல் படலைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொள்வீர்கள்.

பிறகு இரண்டு வாத்தியக் குழுக்கள் ஒரு ஒடுங்கிய தெருவில் எதிர்ப்பட்டன. இரண்டும் இரண்டு பகுதிக்காரர். யார் யாருக்கு வழி விடுவது? முதலில் ஒரு போத்தல் பறந்தது. பிறகு கல், தடி, கத்தி. கூட வந்த கப்பல்காரர் எங்கே என்று தெரியவில்லை. சனம் உங்களைச் சுவரோடு வைத்து நசுக்கியது. அப்போது கொம்பும் வாலும் வைத்து, உடம்பு முழுக்க நீலம் பூசிய ஒரு பேய் உங்கள் மணிக்கட்டைப் பிடித்தது. இந்த இடத்தில் நான் அம்மாவின் சீலைக்குள் முகத்தை ஒளித்துவிடுவேன்.

பேய் உங்களை இழுத்துக்கொண்டு ஓடி ஒரு முற்றத்துக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியது. முகமூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு நடுவயதுப் பெண். "கையிலை மீன் மணம். எனக்கு உடனை பயம் போயிட்டுது. எங்கடை சந்தை மணமெல்லோ" என்று நீங்கள் சிரிப்பீர்கள். அவள் சந்தையில் மீன் விற்கிறவள். வெளியே அடிபாடு ஓயும் வரைக்கும் உங்களை மர வாங்கில் இருத்தித் தண்ணீர் தந்து கதைத்துக்கொண்டிருந்தாளாம். அவள் சொன்னதை உங்கள் கப்பல் இங்கிலீசில் கேட்டு எங்கள் தமிழில் சொல்வீர்கள்.

"எங்கடை பூட்டன்மார் அடிமையள். துரைமார் மாளிகைக்குள்ளை முகமூடி போட்டு ஆடுவினம், எங்கடை ஆக்களுக்கு விலக்கு. அடிமை விலங்கு கழண்ட பிறகு நாங்கள் தெருவிலை இறங்கினம். மேளத்தை அடிக்கக்கூடாதெண்டாங்கள், மூங்கிலை நிலத்திலை குத்தித் தாளம் போட்டம். எங்களைப் பேயள் எண்டாங்கள். சரி, பேயாவே வாறம் எண்டு வந்தனாங்கள்."

"இப்ப நாடு உங்கடைதானே, பிறகேன் அடிபடுறியள்?" என்று நீங்கள் கேட்டீர்களாம். அவள் கதவிடுக்கால் தெருவைப் பார்த்தாளாம். "அதுதான் எனக்கும் பயமாக் கிடக்கு, மோனை" என்றாளாம்.

கதை அதோடு முடியும். அந்தக் கடைசி வரி சின்ன வயதில் எனக்கு விளங்கியதில்லை.

அந்தக் கதையை நீங்கள் நிறுத்தியது ஆமிக்காரர் எங்கள் ஊரைச் சுற்றிவளைத்த பிறகு. ஒலிபெருக்கியில் கூப்பிட்டு எங்கள் எல்லோரையும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். வெயிலுக்குள் வரிசை. வரிசையின் முடிவில் ஜீப்புக்குப் பக்கத்தில் ஆள் காட்டும் தலையாட்டி. தலையிலிருந்து தோள்வரை சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அந்தத் தலை ஆடினால் ஆளைக் கொண்டுபோவார்கள். எனக்கு முன்னால் அண்ணை நடந்தான், ஆடவில்லை. நான் நடந்தேன், ஆடவில்லை. மூச்சு விட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். உங்களுக்கு ஆடியது.

மாரி மழை முடிந்த பிறகு ஆமி முகாமிலிருந்து திரும்பி வந்தீர்கள். வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. அந்த வருடம் விபூதிப் புதனுக்கு முதல் நாள் நாங்கள் வழக்கம்போல உங்களைச் சுற்றி உட்கார்ந்தோம். நீங்கள் எழுந்து கடற்கரைக்குப் போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

இனித் திங்கட்கிழமைக்கு வருகிறேன். அங்கே விடியப்புறம், இங்கே எனக்கு மதியச் சாப்பாட்டு நேரம். குசினியில் நின்றேன். டிலான் வீடியோவில் எடுத்தான். தூக்கிப் பார்த்தால் திரை முழுக்க ஒரு நீல முகம், கொம்பு, வெள்ளையாக இரண்டு கண். "அம்மா, ஆரெண்டு சொல்லுங்கோ பாப்பம்?" என்றது அது. அவன் குரல்தான். ஆனால் என் உடம்பு கேட்கவில்லை. உடனே அவனுக்குப் பின்னால் படபடவென்று வெடிச் சத்தம். சனம் கத்தியது. படம் ஆடியது. போன் நின்றுவிட்டது.

திரும்ப எடுத்தேன், மணி போகவில்லை. சோறு அடிப்பிடித்த மணம் வந்தும் அடுப்பை நிறுத்தத் தோன்றவில்லை. செருப்பில்லாமல் பக்கத்து வளவுக்கு, அண்ணையிடம் ஓடினேன். அவன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான்.

"அண்ணை, பிள்ளையைச் சுட்டுப்போட்டாங்கள்!"

"ஆர் சுட்டது? எங்கை? இருந்து கதை தங்கச்சி."

சொன்னேன். முகத்தைச் சொன்னேன், சத்தத்தைச் சொன்னேன். அந்த முகத்தைக் கண்டவுடன் எனக்குச் சாக்குத்தான் தெரிந்தது என்றும் சொன்னேன். அண்ணை கையிலிருந்த நூலைக் கீழே வைத்தான்.

"அப்பா ஏன் அந்தக் கதையை விட்டவர் தெரியுமே?"

"பயத்திலை எண்டுதான் நினைச்சனான்."

"சாக்குக்குள்ளை நின்டவனை அவருக்குத் தெரியும். அவரோடை கடல் தொழிலுக்கு வந்தவன். காலைப் பாத்தே ஆளைக் கண்டுபிடிச்சிட்டார். அவனை நல்லா அடிச்சுக் கொண்டுவந்திருக்கிறாங்கள், நிக்கேலாமல் ஜீப்பைப் பிடிச்சுக்கொண்டு நின்டவனாம். 'என்னைவிட அவனுக்குத்தான் பயம்' எண்டு சாகிறதுக்கு முதல் எனக்குச் சொன்னவர். முகமூடிக் கதையைத் தொடங்கினா அவன்ரை கால் கண்ணுக்கு முன்னாலை வந்து நிக்குதாம். வாய் தவறிப் பேர் வந்திடுமெண்டு பயந்துபோய்க் கதையை விட்டவர்."

"ஆர் அண்ணை அது?"

அவன் நிமிரவில்லை. "இப்பவும் கோயிலுக்கு வாறவன்தான். பிள்ளை குட்டியோடை. கேளாதை."

அப்பா, அந்த நேரம் எப்படிப் போனது, அது ஒரு மணித்தியாலமா, நான்கா, எனக்குத் தெரியாது. மகன் உயிரோடு இருக்கிறானா என்ற பயம் ஒரு பக்கம். இத்தனை வருடம் எனக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று செபித்தவன் யார் என்ற பயம் மறுபக்கம். அண்ணை என்னோடு படலையிலேயே நின்றான். எங்கே போக, யாரிடம் கேட்க?

பொழுது படுகிற நேரம் போன் அடித்தது. எடுக்கப் பயந்து அண்ணையிடம் நீட்டினேன். அவன் பார்த்துவிட்டுச் சிரித்தபடி திருப்பித் தந்தான். டிலான். முகம் முழுக்க இன்னும் நீலம், கழுத்தில் சேறு, சிரிப்பு.

"என்னம்மா, இத்தனை மிஸ் கோல்? போனிலை சார்ஜ் முடிஞ்சிட்டுது. கப்பலுக்கு வந்துதான் போட்டனான்."

"வெடிச் சத்தம் கேட்டதே மோனை!"

"அது துவக்கில்லையம்மா. பேயள் ஆட, பக்கத்திலை நின்டு பிஸ்கட் தகரத்திலை அடிக்கிறாங்கள்."

"முகத்தைக் கழுவிப்போட்டு வா. உன்ரை முகத்தை எனக்குக் காட்டு" என்றேன். போனைப் பிடித்தபடியே கழுவினான். மூக்கு வந்தது, கன்னம் வந்தது, நெற்றித் தழும்பு வந்தது. அப்போதுதான் அழுகை வந்தது எனக்கு. "அம்மப்பா சொன்ன சண்டை ஒண்டும் நடக்கேல்லை. எல்லாச் சனமும் சேர்ந்துதான் ஆடினது" என்றான். அந்த மீன்காரி இருந்து இதைக் கேட்டிருக்கலாம் என்று நினைத்தேன். நீங்களும்தான்.

ஆனால் பயம் போய்விட்டது என்று உங்களுக்குப் பொய் எழுத மாட்டேன். இன்று காலை சாம்பல் பூச வரிசையில் நின்றபோது நான் சுவாமியாரைப் பார்க்கவில்லை. முன்னால் நின்றவர்களின் கால்களைப் பார்த்தேன். வெடித்த குதிக்கால்கள், வலை இழுத்துப் பரந்த பாதங்கள். எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. சாக்குக்குள் நின்ற அவரும் ஒவ்வொரு ஞாயிறும் என் முகத்தைப் பார்த்துப் பயந்திருப்பாரோ? நீங்கள் அவருக்குப் பக்கத்தில் எப்படி முழங்காலில் நின்றீர்கள், அப்பா? உங்களுக்கு நெஞ்சு அடிக்கவில்லையா?

ஒன்று மட்டும் சொல்லுகிறேன். நீங்கள் வாய்க்குள் வைத்துக்கொண்டு போன அந்தப் பெயரை அண்ணையிடம் நான் கேட்க மாட்டேன். ஒருநாள் அண்ணையே சொல்ல வந்தாலும் எழுந்து போய்விடுவேன். கால்களைப் பார்ப்பதை நிறுத்த எனக்குக் கொஞ்சம் நாள் வேண்டும். உயிர்த்த ஞாயிறு வரும்போது, பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லச் சொல்கிற நேரம், பக்கத்தில் யார் நின்றாலும் நிமிர்ந்து முகத்தைப் பார்த்துக் கை கொடுப்பேன். என் கை நடுங்கும். நடுங்கினாலும் கொடுப்பேன்.

உங்கள் பயந்தாங்கொள்ளிக் கடைக்குட்டி,
றெஜினா