அம்மா கையை உதறிய கதை

செவ்வாய், மார்ச் 11

மலையக மக்களுக்கு ஓர் அறிவிப்பு: எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் இன்று ஒரு கோப்பைகூட உடையவில்லை. உடைக்கும் அம்மா என்னோடு டிக்கோயாவில் நரம்பு டாக்டரைப் பார்க்க வந்திருந்தார்.

விரல் மரத்துப்போவதற்குப் பனிதான் காரணம் என்றார்கள் எல்லோரும். வெயிலிலும் மரத்ததே, பிடியும் நழுவியதே! இனிக் கொழுந்தெடுக்க முடியாதோ என்று அம்மா பயந்திருந்தார்.

மணிக்கட்டில் நரம்பு அமுங்கியிருக்கிறதாம். இப்போதே வந்ததால் குணமாகிவிடுமாம்.

பஸ்ஸில் அம்மா சிரித்தார். "நல்ல டாக்டரம்மாடா. நான் பேசி முடிக்கிற வரைக்கும் கேட்டாங்க."

"கூட்டிட்டுப் போனது யாருங்க?"

"நீதாண்டா, பெரிய மனுசா."

உண்மையில் டாக்டரிடம் போகச் சொன்னது அக்கா. அம்மா ராத்திரியில் விரல் மரத்து எழுந்து கையை உதறுவதை நான் இரண்டு மாதமாக நடித்துக்காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.