எத்தனை பக்கம் என்று கேட்டவர்

உ
பழனியாண்டவர் துணை

கொடைக்கானல்
16-2-1964

அன்பு மகன் இராமலிங்கத்துக்கு அம்மா அழகம்மாள் எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், காலையும் மாலையும் முருகனிடம் அதைத்தான் கேட்கிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம், இன்றைக்கும் கை அப்படித்தான் போகிறது, ஆனால் வீட்டில் இருப்பது நான் ஒருத்தி, ஆகையால் நான் நலம் என்று வைத்துக்கொள். உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை கிடைத்தது. ஆற்றில் இறங்கி முழுகி அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டதாக எழுதியிருக்கிறாய். கரையெல்லாம் பனிக்கட்டி கிடக்கிற ஆற்றில் எந்தப் புத்திசாலியாவது முழுகுவானா? வீட்டுக் குழாயில் நாலு சொம்பு ஊற்றிக்கொண்டிருந்தால் அப்பா வேண்டாம் என்றா சொல்லியிருப்பார். தலையை நன்றாகத் துவட்டினாயா, இருமல் ஏதும் வந்ததா என்று எழுது. கொள்ளி வைக்க முடியவில்லையே என்று அழுதிருக்கிறாய். பழனியிலிருந்து உன் சித்தப்பா மகன் பழனிச்சாமி வந்து வைத்தான், பதினாறாம் நாள் காரியம் வரை கூடவே இருந்து முறையாகச் செய்தான், அதில் உனக்கு மனக்குறை வேண்டாம். ஆனால் கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாயே, அப்பாவுக்கு இத்தனை முடியாமல் இருந்ததை எனக்கு ஏன் எழுதவில்லை, தந்தி மட்டும் போதும் என்று நினைத்துவிட்டீர்களா என்று. கேட்க வேண்டிய கேள்விதான். பதில் எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். பதில் நம் வாசகர் மன்றத்தில் புத்தகம் தேர்ந்தெடுத்த நாளில் கிடக்கிறது, அதனால் அங்கிருந்தே சொல்கிறேன், பொறுமையாகப் படி.

அமெரிக்காவில் விஞ்ஞானக் கதைக்குப் பரிசு கொடுக்கிறார்கள் என்று, போட்டியில் நின்ற புத்தகங்களின் பட்டியலை நீ வருஷா வருஷம் அனுப்புகிறாய், அப்புறம் பழைய புத்தகக் கடையில் தேடிப் பிடித்துப் புத்தகங்களையே கப்பல் பார்சலில் அனுப்புகிறாய், ஆனால் இங்கே நாங்கள் அதை என்ன செய்கிறோம் என்று நீ ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை. முதல் வருஷம் பார்சல் வந்தபோது, பரிசு வாங்கியது ஒன்று போதாதா, தோற்றதை எல்லாம் எதற்கு மூட்டை கட்டி அனுப்பியிருக்கிறான் என்று நான் கேட்டேன். அதற்கு அப்பா, ஜெயிச்சதத்தான் ஊரே படிச்சிருமே, கூட நின்னதெல்லாம் என்ன பாவம் பண்ணுச்சு என்றார். பஸ் ஸ்டாண்டில் முப்பது வருஷம் மற்றவர்களுக்கு டிக்கெட் கொடுத்துவிட்டு, தான் மதுரைக்கு அப்பால் போகாத மனுஷன், ரிட்டையர் ஆனதும் சந்திரனுக்கும் செவ்வாய்க்கும் போகிற கதைகளைப் பிடித்துக்கொண்டார். மன்றத்தில் ஏழு பேர். ஞானவேல் வாத்தியார் இங்கிலீஷில் படித்து அங்கங்கே நிறுத்தித் தமிழில் சொல்வார், வாரத்துக்கு எட்டுப் பக்கம், அதற்கு மேல் போனால் அவருக்குத் தொண்டை கட்டிவிடும். வில்பட்டியில் பூண்டு போடுகிற திருமலைச்சாமி அண்ணன், தையல் கடை பிச்சையம்மாள், மார்க்கெட்டிலிருந்து இரண்டு பேர், அப்பா, நான். வருஷத்துக்கு ஒரு புத்தகம். மேஜைமேல் புத்தகங்களைப் பரப்பி, ஒவ்வொன்றைப் பற்றியும் நீ எழுதியனுப்பின இரண்டு வரியை வாத்தியார் வாசிப்பார். பிறகு திருமலைச்சாமி அண்ணன் பையிலிருந்து ஆளுக்கு ஒரு பூண்டுப் பல் கொடுப்பார், எந்தப் புத்தகம் வேண்டுமோ அதன் அட்டைமேல் பல்லை வைக்க வேண்டும். ஒளிவு மறைவெல்லாம் கிடையாது, வைத்தவர் ஏன் வைத்தோம் என்று சொல்லியாக வேண்டும். முதல் சுற்றில் முந்துகிற இரண்டை வைத்துக்கொண்டு இரண்டாம் சுற்று. நீ அமெரிக்காவிலிருந்து அனுப்புகிற புத்தகம் எல்லாம் ஒரே பூண்டு வாடை என்று பிச்சையம்மாள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

போன ஆடி மூன்றாம் ஞாயிறு, மேஜைமேல் நாலு புத்தகம். பூச்சிகள் பேசக் கற்றுக்கொண்டு மனிதன்மேல் கோர்ட்டில் வழக்குப் போடுகிற கதை ஒன்று, அடுத்தவர் நினைப்பதெல்லாம் காதில் விழுகிற ஊர் ஒன்று, இரண்டும் முதல் சுற்றிலேயே போய்விட்டன. மிஞ்சினது இரண்டு. ஒன்று, சொட்டுத் தண்ணீர் இல்லாத ஒரு கிரகத்துக்குத் தலைமுறை தலைமுறையாகக் கடலைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவர்கள் கதை, செங்கல் தடிமன். இன்னொன்று, ஏதோ ஒரு சந்திரனில் கப்பலும் வராமல் ஆளும் வராமல் டிக்கெட் கவுண்டரில் தனியாக உட்கார்ந்திருக்கிறவன் கதை, என் சுருக்குப் பைக்குள் அடங்கிவிடும். அப்பா அன்றைக்கு ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, வாத்தியாரே இது எத்தன பக்கம், இது எத்தன பக்கம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை. பக்கத்தை எண்ணி இவர் என்ன செய்யப் போகிறார் என்று எனக்கு எரிச்சல், சிரிப்பும் வந்தது. தன் பல்லைச் சின்னப் புத்தகத்தின்மேல் வைத்துவிட்டு, எனக்கு இதுதான் வேணும் என்றார், அவ்வளவுதான், காரணம் சொல்லவில்லை. திருமலைச்சாமி அண்ணன் அப்பாவைப் பார்த்து, ஏலே மயிலு, டிக்கெட் கிழிச்சவனுக்கு டிக்கெட் கிழிக்கிறவன் கதைதான் கேக்குதோ என்று கேட்டதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். முப்பது வருசம் அந்தக் கூண்டுக்குள்ள உக்காந்தது உங்களுக்குப் பத்தலையாக்கும் என்றேன். அவரும் சிரித்தார். இரண்டாம் சுற்றில் அதற்கு மூன்று பல், இதற்கு மூன்று பல், மிச்சம் என் கையில் இருந்த ஒன்றுதான். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வருஷத்தில் என்னிடம் அது வேண்டும் இது வேண்டும் என்று அவர் பார்த்தது அந்த ஒரு தடவைதான், இராமலிங்கம். நான் பெரிய புத்தகத்தின்மேல் வைத்தேன்.

ஏன் வைத்தேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். அந்தக் கடல் கதையைப் பற்றி நீ எழுதின இரண்டு வரியில், இதை நான் இரண்டு தடவை படித்துவிட்டேன், நீங்களும் படித்தால் ஒரே வீட்டில் இருக்கிற மாதிரி இருக்கும் என்று எழுதியிருந்தாய். எனக்குக் கிரகமும் தெரியாது கப்பலும் தெரியாது, என் பிள்ளை படித்ததை நானும் கேட்க வேண்டும், அது ஒன்றுதான் மனசில் இருந்தது. இதை உனக்கு எழுதலாமா வேண்டாமா என்று பத்து நாள் தடுமாறினேன். எழுதாமல் விட்டால் இன்னொரு பொய் ஆகிவிடும், அப்பாவின் நோயை உன்னிடம் மறைத்த பொய்யே போதும். ஆனால் நீ எழுதினது ஒரு நல்ல புத்தகத்தைப் பற்றி நல்ல வார்த்தை, பல்லை வைத்தது என் கை, அதை நீ உன் தலையில் போட்டுக்கொள்ளாதே. அப்பா சின்னப் புத்தகத்தின்மேல் இருந்த தன் பல்லைத் தானே எடுத்துப் பெரியதன்மேல் வைத்துவிட்டு, சரி, வாத்தியாரே, இன்னைக்கே தொடங்குங்க, வெரசா போவோம் என்றார்.

அன்றிலிருந்து அவருக்கு அவசரம். எட்டுப் பக்கம் போதாது, பத்து படிங்க, பன்னிரண்டு படிங்க என்று வாத்தியாரைப் பிடுங்கி எடுப்பார். வாத்தியாரின் தொண்டைக்காக வீட்டிலிருந்து சுக்குத் தண்ணீர் போட்டுக்கொண்டு போவார். மன்றத்துக்கு லீவு விடக்கூடாது என்று தீபாவளி அன்றைக்குக்கூடச் சண்டை பிடித்தார், எனக்கு மானம் போயிற்று. ஒரு பக்கம் சாப்பாடு குறைந்துகொண்டே வந்தது. கேட்டால் குடல் புண்ணு, காரத்தக் குறை என்பார், நானும் அசடு மாதிரி மிளகாயைக் குறைத்துக்கொண்டிருந்தேன். கார்த்திகைத் தீபத்தன்று அடுப்படியில் விழுந்துவிட்டார். இங்கே ஆஸ்பத்திரி டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இரைப்பையில் கட்டி முற்றிவிட்டது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அன்றைக்கே உனக்கு எழுதத் தாள் எடுத்தேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவனுக்குப் பரீச்சை இருக்கு, எழுதுனா போட்டது போட்டபடி கெளம்பி வந்துருவான், நான் போறதும் போய் அவன் படிப்பும் போகணுமா, பேசாம இரு என்றார். நான் அடங்கினேன். அடங்கியிருக்கக் கூடாது. நீ என்மேல் கோபப்படு, உனக்கு உரிமை உண்டு. மார்கழி முழுக்க மன்றம் நம் வீட்டில்தான், அவர் கட்டிலைச் சுற்றி எல்லோரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து கேட்போம். ஒரு நாள் வாத்தியார் தாங்காமல், அண்ணே, முடிவ மட்டும் சொல்லிரட்டுமா என்று கேட்டார். அப்பா, வேண்டாம், இடையில தாண்டிப் போகாதீங்க, வர்றபடி வரட்டும் என்றார். தை பிறக்க நாலு நாள் இருக்கையில் போய்விட்டார். இருநூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில் அந்தக் கிரகத்துக்கு இன்னும் ஒரு வாளித் தண்ணீர் போய்ச் சேரவில்லை.

பதினாறு முடிந்து பழனிச்சாமியும் ஊருக்குப் போன பிறகு அப்பாவின் பழைய டிக்கெட் பையை எடுத்துத் துடைத்தேன். உள்ளே அந்தச் சின்னப் புத்தகம். வெள்ளனே எழுந்து அடுப்பு வெளிச்சத்தில் ஏதோ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், கிட்டே போனால் மூடிவிடுவார், இந்த வயசில் என்ன திருட்டுத்தனம் என்று கேலி பேசியிருக்கிறேன். தனியாகவே படித்துவிடலாம் என்று பார்த்திருக்கிறார். டிக்கெட் கொடுக்கிற இங்கிலீஷ் எத்தனை தூரம் போகும்? முதல் பக்கத்தில் பாதிச் சொல்லுக்கு மேலே பென்சிலில் தமிழில் அர்த்தம், வரவர எழுத்துக் கோணிக்கொண்டே போகிறது, பத்தொன்பதாம் பக்கத்துக்கு அப்புறம் ஒன்றும் இல்லை. அந்தப் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு சீட்டு வைத்திருந்தார். இங்கிலீஷ் சீட்டு, வாத்தியாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மதுரை டாக்டர் கொடுத்தது. இரைப்பையில் கட்டி, அறுக்கிற நிலையைத் தாண்டிவிட்டது என்று எழுதியிருந்ததாம். தேதி ஜூலை பதினொன்று. பஸ் கம்பெனி சோலியாக மதுரை வரை போய் வருகிறேன் என்று ஆனி கடைசியில் போனாரே, அன்றைக்கு. உன் பார்சல் வருவதற்கு முன்னாலேயே, நாங்கள் பூண்டுப் பல் வைப்பதற்கு முன்னாலேயே அவருக்குத் தெரியும். சீட்டைத் திருப்பினால் பின்னால் அப்பா கையெழுத்து. அதை அப்படியே எழுதுகிறேன். சின்னது 128 பக்கம், வாரம் 8, ஆக 16 வாரம், கார்த்திகை பிறந்ததும் முடியும். அதன் கீழே, பெரியது 612 பக்கம், வாரம் 8, ஆக 77 வாரம், நம்மால் ஆகாது. அவ்வளவுதான் எழுதியிருந்தார். கார்த்திகை பிறந்து ஐம்பது நாளுக்கு மேல் இருந்தார், ராசா. முழுசாக ஒரு கதை கேட்டுவிட்டுப் போயிருப்பார். ஒரு பூண்டுப் பல்லால் அதைக் கெடுத்தவள் நான், அதுவும் கேலி பண்ணிக்கொண்டே கெடுத்தேன். நெஞ்சு வெடித்து அழுகிறேன், யாரிடம் சொல்லி அழ.

போன ஞாயிறு மன்றம் திரும்பக் கூடியது. சீட்டை மேஜைமேல் வைத்தேன். திருமலைச்சாமி அண்ணன் பார்த்துவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார், நான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம் தாயி என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பிச்சையம்மாள் அந்தச் செங்கல்லைத் தூக்கி எறியுங்க, அண்ணன் கேட்டதப் படிப்போம் என்றாள். எல்லோரும் சரி என்றார்கள். நான்தான் வேண்டாம் என்றேன். எடுத்த புத்தகத்தைப் பாதியில் விடக்கூடாது என்று முதல் வருஷம் சட்டம் போட்டதே அப்பாதான், அவருக்கே அந்தச் சட்டத்தைத் தளர்த்திக் கேட்க வாய் வரவில்லையே, நான் எப்படித் தளர்த்துவேன். வாத்தியார் இருநூற்றுப் பத்தொன்பதிலிருந்து தொடங்கினார். அந்தக் கடல் வந்தால் எனக்கென்ன வராவிட்டால் எனக்கென்ன என்று இருக்கிறது, ஆனாலும் உட்கார்ந்து கேட்டேன், முடிகிற வரைக்கும் கேட்பேன். அதற்கு இன்னும் ஒரு வருஷம் ஆகும். அது முடிந்ததும் சின்னதுதான், அதற்குப் பல் வைக்க வேண்டியதில்லை என்று ஏழில் மிஞ்சின ஆறு பேரும் ஒரே வாயாகச் சொல்லிவிட்டோம்.

படிப்பை விட்டுவிட்டு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, அது மட்டும் கூடாது. அவர் வாயை மூடிக்கொண்டு போனது அந்தப் படிப்புக்காகத்தான். முடித்துவிட்டு வா, நான் இருப்பேன். பனி இங்கே குறைந்துவிட்டது, வில்பட்டியில் பூண்டு நன்றாக வந்திருக்கிறது, மேல்கூரைத் தகரத்தைத் திருமலைச்சாமி அண்ணன் ஆள் வைத்துச் சரி பண்ணிக் கொடுத்துவிட்டார், மழைக்குக் கவலை இல்லை. நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், பிச்சையம்மாள் சாயங்காலம் வந்து என்னோடு உட்கார்ந்திருக்கிறாள். நீ வெறும் ரொட்டியைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, ஒரு வேளையாவது சோறு வடித்துத் தின்னு. வயிறு லேசாக வலித்தால்கூட டாக்டரிடம் போய், அவர் சொன்னதை ஒளிக்காமல் எனக்கு எழுது, நான் தாங்குவேன். தண்டாயுதபாணி உன் பக்கத்திலேயே நிற்பான், நீண்ட ஆயுசோடு நல்லபடியாக இரு.

இந்த வருஷப் பட்டியல் வந்ததும் எப்போதும் போல அனுப்பு, நிறுத்திவிடாதே. புத்தகத்தைப் பற்றி உன் இரண்டு வரியையும் எழுது. ஆனால் இனிமேல் மறக்காமல் ஒவ்வொரு பெயருக்கும் நேராக அது எத்தனை பக்கம் என்றும் எழுதிவிடு. யாராவது அதைக் கேட்டால் இந்தத் தடவை நான் சிரிக்க மாட்டேன்.

உன் அம்மா
அழகம்மாள்